பிறந்த 3 மணி நேரத்தில் உடம்பில் கருநீலம்!
நர்சு கண்ணில் பட்டதால் பிழைத்த குழந்தை

டெலிவிஷனில் ஜனங்களைச் சிரிக்க வைத்துப் பேர் வாங்கியவர், அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜிம்மி கிம்மல். 2017-ம் ஆண்டு மே 1-ந் தேதி அதே டெலிவிஷனில் அவர் தேம்பி அழுதார். பெற்ற பிள்ளையின் கதையைச் சொல்லித்தான் அழுதார்.

விவரம் வருமாறு:-

ஏப்ரல் 21-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். வீட்டார் முகத்தில் ஒரே சிரிப்பு.

3 மணி நேரம்கூட நீடிக்கவில்லை. குழந்தையின் இதயத்தில் ஏதோ இரைச்சல் கேட்பதை நர்சு கவனித்தார். உடம்பிலும் கருநீலம் தட்டியிருந்தது. 'சரியாகிவிடும்' என்று விடாமல் டாக்டர்களைக் கூப்பிட்டார்.

சோதித்தால் இதயச் சுவரில் ஓட்டை! நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் அடைப்பு. உடனே ஆம்புலன்சில் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

பிறந்த 3-ம் நாளே ஆபரேஷன். பிஞ்சு நெஞ்சைத் திறந்து வைத்தியம் செய்தார்கள். 6 நாளில் குழந்தை வீடு வந்தது. அதே டிசம்பரில் 2-வது ஆபரேஷன். 2024 மே மாதம், 7 வயதில் 3-வது. பையன் தேறிவிட்டான்.

'காசில்லை என்பதற்காக எந்தக் குழந்தையும் சாகக் கூடாது' என்பதுதான் தகப்பனார் அன்று சொன்னதன் சாரம்.

பெற்றோர் கவனிக்க!

பிறக்கிற நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயக் கோளாறு இருக்கிறது. உதடு, நாக்கு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்கையில் மூச்சு வாங்கி வியர்த்தாலோ, குளிர் என்று போர்த்திப் படுக்க வைக்காதீர்கள். அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.