பேரோடு வந்த பாட்டு

விருத்தாசலத்தில் அன்றெல்லாம் திருவிழாக் கச்சேரி மேடையில் பாட வருபவரை 'டி.எம்.எஸ். குரல்', 'எஸ்.பி.பி. குரல்' என்றுதான் மைக்கில் அறிவிப்பார்கள். அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. நோட்டீஸிலும் குழுவின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடியவருக்கு அந்த நோட்டீஸும் கிடையாது. எங்கள் ஊர்ச் சூளையில் வெந்து லாரி ஏறும் பீங்கான் பொம்மையின் அடியில் செய்தவர் பெயர் இருக்காது. பாட்டும் அப்படித்தான் ஊர் ஊராகப் போனது.

2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு அது. சிந்தனையாளர் அயோத்திதாசரின் 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர். கோட்டு சூட்டு போட்ட இளைஞர்கள். பறையும் சட்டியும் கிடாரும் டிரம்ஸும் ஒரே மேடையில். கானாவுக்குப் பக்கத்திலேயே ராப். அரக்கோணத்துக்காரரான அறிவு அந்தக் கூட்டத்தில் ஒருவர். கானா பாடிய இசைவாணி இன்னொருவர். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. பழைய கச்சேரிக் குழு பாடகரின் பெயரை விழுங்கியது. இந்தக் குழு பெயர் வாங்கிக் கொடுத்தது. எனக்கு இதுதான் பெரிய மாற்றமாகப் படுகிறது.

அறிவு தன் பெயரோடு தனியே நடக்கத் தொடங்கினார். 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் 'தெருக்குறள்' ஆல்பம். 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் பாடிய, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரித்த 'எஞ்சாய் எஞ்சாமி' உலகமெல்லாம் ஒலித்தது. அதன் வேர் ஒப்பாரியில் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தாயகம் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையில் இருக்கிறது. வீடியோவில் அந்தப் பாட்டியையே உட்கார வைத்திருந்தார்கள். மாரடித்து அழுத பெண்களுக்கு இப்படி ஒரு மரியாதை எப்போது கிடைத்தது?

ஆனால் பெயர் வந்த வேகத்தில் உரிமை வரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் அறிவைக் காணோம்; ஏன் என்று இரஞ்சித் வெளிப்படையாகவே கேட்டார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் இந்தப் பாட்டைப் பாடினார்கள், அறிவு இல்லை. பாட்டு யாருடைய உழைப்பு என்பதில் அறிவு ஒன்று சொன்னார், சந்தோஷ் நாராயணன் வேறு சொன்னார். 2024 மார்ச்சில், இந்தப் பாட்டால் தனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வீடியோ போட்டார். கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டின் கதை இது. மனம் ஆறவில்லை. பாடுகிற பிள்ளைகளுக்கு ஒப்பந்தத் தாளை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த உதவியை இன்னும் நாம் ஏற்பாடு செய்யவில்லை.

அறிவு ஓயவில்லை. 'அம்பாசா' என்று தனக்கென ஒரு குழு அமைத்துக்கொண்டார். 2024இல் தனி ஆல்பம் கொண்டுவந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'.