பரோலோ: துவர்ப்புக்கு மருந்து தட்டுல இருக்கு

"பரோலோ குடிச்சேன், வாயே கட்டிப் போச்சு, இதுக்கா இவ்வளவு விலை?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். நியாயமான கேள்விதான்.

பரோலோ, வடமேற்கு இத்தாலியில் பியட்மான்ட் பகுதியின் லாங்கே குன்றுகளில், நெபியோலோ என்ற ஒரே திராட்சை ரகத்தில் செய்யப்படும் சிவப்பு ஒயின். கிளாஸ்ல ஊத்தினா நிறம் வெளிறித்தான் இருக்கும். ரோஜாவும் தாரும் கலந்த மாதிரி ஒரு வாசனை. லேசான ஒயின்னு நினைச்சு வாயில வெச்சா, பாக்கு மென்ன மாதிரி துவர்ப்பு, கூடவே நல்ல புளிப்பு.

துவர்ப்புக்குக் காரணம் டானின். அது எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் நாக்கு வறண்டு போகிறது. இறைச்சியோ சீஸோ கூட இருந்தால், டானின் கொஞ்சம் அந்தப் பக்கம் போய்விடும், துவர்ப்பு அடங்கும். கொழுப்பின் பிசுக்கைப் புளிப்பு கழுவிவிடும். அதனாலதான் அந்த ஊர்ல மாட்டிறைச்சியை பரோலோவிலேயே மணிக்கணக்கா வேகவெச்சு 'பிராசாட்டோ' செய்றாங்க. மஞ்சள்கரு நிறைய சேர்த்த தயரின் பாஸ்தா, வெண்ணெய், மேலே அல்பா வெள்ளை ட்ரஃபிள்: இதுவும் பொருந்தும். மிளகாய்க் காரம் மட்டும் வேண்டாம். அது துவர்ப்பை இன்னும் தூக்கிக் காட்டும்.

இன்னொரு மருந்து காலம். விதிப்படியே குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில், இருந்த பிறகுதான் விற்பனைக்கு வரும். ரிசர்வா என்றால் 62 மாதம்.

அதனால பாட்டிலைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, தட்டுல என்ன இருந்ததுன்னு பாருங்க. சாப்பாடு இல்லாம சும்மா குடிக்கணும்னா, அதே பகுதியின் பர்பேரா வாங்குங்க. துவர்ப்பு குறைவு. அதைப் பற்றி அடுத்த எபிசோடில் பேசுவோம்.