பெயரும் எண்ணும்

இருக்கன்குடி மாரியம்மன் கோவிலைச் சூழ்ந்த ஊர்களில், மாரியப்பன், மாரிமுத்து, மாரியம்மாள் என்னும் பெயர்கள் வழங்காத தெருவைக் காண்பது அரிது. அம்மன் பெயரைப் பிள்ளைக்கு இடுவது நல்ல வழக்கமே. சங்கத்தில் கணக்கெழுதுவோருக்கு மட்டும் அது தொல்லை. “மாரியப்பன், வரவு ரூ. 500” என்று எழுதிவிட்டால், எந்த மாரியப்பன்? ஆகவேதான், பங்குத்தொகை செலுத்திச் சேரும் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் ஓர் எண் வழங்குகிறோம். அவ்வெண் பிறிதொருவருக்கு உரியதாகாது. கணிப்பொறி வல்லுநர் இதனையே முதன்மைத் திறவுகோல் என்பர்.

கணிப்பொறியில் கணக்கு வைப்பதற்குப் பெரிதும் வழங்கும் முறை உறவுமுறைத் தரவுத்தளம் எனப்படுவது. பெயர் புதிது; பொருள் நமக்குப் பழையதே. 1980 வரை கர்ணத்தின் கையிலிருந்து, இன்று கிராம நிர்வாக அலுவலர் பார்க்கும் கணக்குகளை நினைத்துப் பாருங்கள். ‘ஏ’ பதிவேட்டில் சர்வே எண் வாரியாக நிலத்தின் பரப்பு, நஞ்சை புஞ்சை என்ற வகை, தீர்வை, பட்டா எண் ஆகியவை இருக்கும். சிட்டாவைப் புரட்டினால் அப்பட்டா யாருடையது, அதில் அடங்கிய நிலங்கள் எவை என்பது விளங்கும். அந்தப் பசலியில் அங்கு விளைந்தது பருத்தியா, மக்காச்சோளமா என்பதை அடங்கல் கூறும். ஏடுகள் மூன்று; அவற்றைப் பிணைப்பவை இரண்டே எண்கள். பயிர்க்கடன் மனுவைச் சோதிப்பவர் அந்த எண்களைப் பற்றிக்கொண்டு ஓர் ஏட்டினின்று மற்றோர் ஏட்டுக்குச் செல்கிறார். இதற்கு இணைப்பு என்று பெயர். (அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் ஊரினருக்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை.)

எல்லாவற்றையும் ஒரே பெரிய ஏட்டில் எழுதினால் என்ன என்று கேட்கலாம். நெசவாளர் ஒருவர் அருப்புக்கோட்டைக்குக் குடிபெயர்ந்தார் எனக் கொள்வோம். நூல் வழங்கிய ஒவ்வொரு வரியிலும், கூலி கொடுத்த ஒவ்வொரு வரியிலும் அவர் முகவரி எழுதப்பட்டிருந்தால், அத்தனையையும் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் எது மெய் என்ற ஐயம் எழும். முகவரி அங்கத்தினர் பதிவேட்டில் ஒரே இடத்தில் இருந்து, மற்ற ஏடுகளில் எண் மட்டும் இருக்குமானால், ஒரு திருத்தம் போதும். மேலும், பதிவேட்டில் இல்லாத எண்ணுக்கு நூல் கொடுத்ததாக எழுத முற்பட்டால், முறைப்படி அமைத்த தரவுத்தளம் அதனை ஏற்க மறுக்கும். பதிவேட்டிலேயே பொய்யாளைச் சேர்த்துவிட்டால் பொறி என்ன செய்யும்? அதனை மகாசபைதான் பார்க்க வேண்டும்.

இம்முறைக்குக் கணித அடிப்படை வகுத்தவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்த அவர், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றுகையில், 1970-ல் இதனை வெளியிட்டார். வேண்டுவது யாது என்று மட்டும் நாம் கேட்டால் போதும், அதைத் தேடும் வழியைப் பொறியே கண்டுகொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. 1981-ல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

இணைப்பின் வலிமையை நம் அங்கத்தினர்கள் 2021-ல் நேரிற் கண்டனர். கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுனுக்கு, அதாவது 40 கிராமுக்கு, உட்பட்ட நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்யத் தமிழ்நாட்டு அரசு முடிவு செய்தது. கணவர் ஒரு சங்கத்தில் 3 பவுனும், மனைவி மற்றொரு சங்கத்தில் 3 பவுனும் வைத்திருந்தால், தனித்தனியே இரண்டும் வரம்புக்குட்பட்டவை. குடும்ப அட்டை எண்ணைக் கொண்டு இணைத்தால் 6 பவுன், தள்ளுபடி இல்லை. இது முறைதான். ஆனால் அட்டை எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருந்தால், அயல் வீட்டு நகை நம் குடும்பக் கணக்கில் ஏறிவிடும். எண்ணே எழுதாமல் விட்ட கட்டமோ இன்னும் தொல்லை. அதற்குச் சுழி என்று பொருளன்று. ‘தெரியாது’ என்றே பொருள். தெரியாததைக் கொண்டு எதனையும் இணைக்க இயலாது.

நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. பழைய பேரேட்டிலுள்ளவை பொறிக்குப் பெயர்த்தெழுதப்படும்போது, பழைய பிசகுகளும் உடன் பெயர்ந்து செல்லும். சங்கத்துக்குச் செல்லும் அங்கத்தினர்கள் பாஸ்புத்தகம், குடும்ப அட்டை, சிட்டா நகல் ஆகிய மூன்றையும் உடன் கொண்டுபோய், எண்களைச் செயலாளர் முன்னிலையில் ஒப்புநோக்கிக்கொள்ளலாம். அரை நாழிகை வேலைதான்.