மக்காச்சோளத்தில் விழுந்த ஊதாப் புள்ளி

பார்பரா மெக்லின்டாக் என்றாலே ஒரு கதை தயாராக இருக்கிறது: தாவும் மரபணுவைக் கண்டுபிடித்தார், சக விஞ்ஞானிகள் சிரித்தார்கள், கடைசியில் 1983-ல் நோபல் பரிசு கொடுத்துப் பிராயச்சித்தம் தேடிக்கொண்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாதிதான் உண்மை.

எக்ஸ் கதிர் பாய்ச்சினால் பழ ஈக்களின் மரபணு மாறும் என்று ஹெர்மன் முல்லர் 1927-ல் காட்டினார். அதையே பயிர்களில் செய்தவர் லூயிஸ் ஸ்டாட்லர். 1931-ல் அவருடைய மக்காச்சோளச் செடிகளை நுண்ணோக்கியில் பார்த்த மெக்லின்டாக்குக்கு ஒடிந்த குரோமோசோம்கள் தென்பட்டன. ஒடிந்த முனை சும்மா இருப்பதில்லை. இன்னொரு ஒடிந்த முனையோடு ஒட்டிக்கொள்கிறது. செல் பிரியும்போது இரண்டு பக்கமும் இழுபட்டு மறுபடி அறுகிறது. அடுத்த பிரிவிலும் இதே கூத்து.

பின்னாளில், நியூயார்க் அருகே கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில், சில செடிகளின் ஒன்பதாவது குரோமோசோம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒடிவதைக் கவனித்தார். அங்கே இருந்துகொண்டு அதை ஒடிக்கும் துணுக்குக்கு டிஎஸ் என்று பெயர் வைத்தார். கதிருக்குப் பை கட்டி, தன் கையால் மகரந்தம் தூவி, தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தபோது, அந்தத் துணுக்கே வேறு இடத்துக்குப் போயிருந்தது!

சாட்சி சோள மணியில் இருந்தது. ஊதா நிறம் தரும் மரபணுவுக்குள் டிஎஸ் புகுந்தால் மணி வெளிறிவிடும். மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அது வெளியேறினால், அந்தச் செல்லின் வாரிசுகள் மட்டும் ஊதாவாகும். சீக்கிரம் வெளியேறினால் பெரிய திட்டு, தாமதமானால் ஊசிமுனைப் புள்ளி. டிஎஸ் தானாக நகராது. ஏசி என்ற இன்னொரு கூறு உடன் இருக்க வேண்டும். ஏசி கூடக் கூட, புள்ளி சிறுக்கும். இவ்வளவையும் அவர் மணியைப் பார்த்தே படித்தார். டிஎன்ஏவின் வடிவம்கூட அப்போது யாருக்கும் தெரியாது.

இனி, அந்த மீதிப் பாதி. 1944-லேயே அவர் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக உறுப்பினர். மறு ஆண்டு மரபியல் சங்கத் தலைவர். மரபணு இடம் மாறுவதை மற்ற சோள ஆய்வாளர்களும் சில ஆண்டுகளில் தங்கள் செடிகளிலேயே பார்த்துவிட்டார்கள். ‘இந்தத் துணுக்குகள்தான் உயிரின் வளர்ச்சியையே ஆட்டிவைக்கின்றன’ என்ற அவருடைய பெரிய கோட்பாட்டைத்தான் பலர் ஏற்கவில்லை. அது அவர் நினைத்த வடிவில் நிலைக்கவும் இல்லை. தாவும் துணுக்குகள் நிலைத்தன: பாக்டீரியாவில், பழ ஈயில், ஆய்வகச் சுண்டெலியில், மனிதனில்.

பட்டாணிச் செடிகளை வைத்து மரபு விதிகளைக் கண்ட மெண்டலின் சுருங்கிய பட்டாணி நினைவிருக்கிறதா? அது ஏன் சுருங்கியது என்று 1990-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். மாவுச்சத்து தயாரிக்க உதவும் ஒரு மரபணுவுக்குள் வெளித் துணுக்கு ஒன்று புகுந்து அதைக் கெடுத்திருந்தது. மெக்லின்டாக்கின் டிஎஸ், ஏசி இரண்டுக்கும் நெருங்கிய உறவு அது.