அலமாரியில் உறங்கிய நாதம்

ஜேடர்பாளையம் அணைக்கட்டைப் பார்க்கச் சென்றிருந்தோம். காவிரி தன் போக்கில் பெருகிச் செல்கிறது. அங்கே பிரியும் ராஜ வாய்க்காலோ, நதி எட்டிப் பாராத வயல்களைத் தேடிப் போகிறது. சங்கீத உலகிலும் இத்தகைய வாய்க்கால்கள் உண்டு. பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் விலை போகும் பாட்டையே நாடும். யாரும் கேட்டிராத புது முயற்சிகளை ஜனங்களிடம் கொண்டு சேர்க்கச் சிறு ஸ்தாபனங்கள்தாம் முன்வர வேண்டும்.

லண்டனில் 'ஸ்டேட்51 கான்ஸ்பிரஸி' என்று ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. பெயரில் சதியாலோசனை இருந்தாலும், அது செய்த காரியம் சத்காரியமே. 2023-ம் வருஷத்தில் அது வெளியிட்ட 'என்.ஐ.டி. டேப்ஸ்' என்னும் இசைத்தொகுப்பு, நம் தேசத்தின் சொத்து. அதன் கதையை நேயர்கள் அவசியம் அறிய வேண்டும்.

கீதா சாராபாய் என்னும் ஆமதாபாத் மாது பக்கவாஜ் வாசிப்பதில் வல்லவர். 1946-ல் அவர் நியூயார்க் சென்று, ஜான் கேஜ் என்ற இசைப் புலவருக்கு நம் சங்கீதத்தைக் கற்பித்தார். அவரிடம் மேல்நாட்டுச் சங்கீதத்தைக் கற்றார். மனத்தை அமைதியாக்கித் தெய்வ அருளுக்குப் பாத்திரமாக்குவதே சங்கீதத்தின் பயன் என்று அவர் கூறியது, கேஜின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. பிறகு கேஜ் இயற்றிய ஓர் உருப்படியில் நாலு நிமிஷம் முப்பத்து மூன்று விநாடியும் மௌனந்தான்! 1952-ல் பியானோவின் முன் அமர்ந்து, ஒரு கட்டையைக்கூடத் தொடாமல் அதை அரங்கேற்றியவர் டேவிட் ட்யூடர்.

அந்த ட்யூடரே 1969-ல் ஆமதாபாத் வந்தார். அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 'மூக்' என்னும் மின்சார வாத்தியத்தை நிறுவினார். அதில் தந்தியும் இல்லை, தோலும் இல்லை. மின்னோட்டத்தின் அதிர்வே ஸ்வரமாகிறது. கம்பிகளை இடம் மாற்றிச் செருகினால் நாதமும் மாறும். மனிதன் சந்திரனில் கால் வைத்த அதே வருஷத்தில், நம் இளைஞர்கள் இந்த வாத்தியத்தைக் கையாளத் தொடங்கினார்கள். ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகாயக் கப்பலின் பிரயாணத்தை இசையாக்கினார். ஐ.எஸ். மாதுர் பறவைகளைப் பாட வைத்தார். எஸ்.சி. ஷர்மாவும் அதுல் தேசாயும் கீதா சாராபாயும் தத்தம் வழியில் முயன்றார்கள்.

1972-க்குப் பின் அந்த முயற்சி ஓய்ந்தது. ஒலிநாடாச் சுருள்கள் நிறுவனத்தின் ஆவணங்களோடு உறங்கிப் போயின. பல வருஷங்கள் கழித்து அவற்றைத் தேடிக் கண்டெடுத்துத் தொகுத்தவர் பால் பர்காஸ் என்னும் லண்டன் கலைஞர்.

அவருக்கும் அந்த ஸ்தாபனத்துக்கும் நாம் நன்றி செலுத்த வேண்டியதே. ஆயினும், நம் வீட்டு அலமாரியில் இருந்ததைக் கேட்க நாம் லண்டனை எதிர்பார்த்திருந்தோமே என்ற வெட்கமும் கூடவே எழுகிறது. ஒலிநாடா என்பது மெல்லிய படலத்தில் ஒட்டிய இரும்புத் துருவின் பொடிதான். ஈரம் பட்டால் பூஞ்சணம் பூக்கும். ஒட்டு விட்டால் பாட்டும் உதிரும்.

நம் சபாக்களின் அறைகளிலும் வித்வான்களின் வீட்டுப் பரண்களிலும் இத்தகைய சுருள்கள் எத்தனை கிடக்கின்றனவோ! தூர் வாராத வாய்க்காலில் காவிரியே வந்தாலும் தண்ணீர் ஓடாது. பரணில் ஏறிப் பார்க்க வேண்டியவர்கள் நாமே.