முலுண்டிலிருந்து ஊருக்கு எத்தனை மணி நேரம்?

மும்பை விமான நிலையத்திற்கும் சென்னை மீனம்பாக்கத்திற்கும் இடையே வானவழித் தொலைவு ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர். இருப்புப் பாதையிலோ ஏறத்தாழ 1,280. ரயில் புணே, சோலாப்பூர், ராய்ச்சூர், குண்டக்கல் என ஊர்களைத் தொட்டு வளைந்து செல்கிறது. விமானம் தென்கிழக்கே ஏறக்குறைய நேராகப் பறக்கிறது. மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் விமானத்திற்கு இத்தொலைவு எண்பது நிமிடத்திற்கும் குறைவான வேலையே. ஆயினும் கால அட்டவணை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் என்கிறது. எஞ்சிய நேரம் எங்கே போயிற்று?

அட்டவணை பறக்கும் நேரத்தை மட்டும் சொல்வதன்று. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வது முதல், சென்ற ஊரில் மீண்டும் நிற்பது வரை உள்ள நேரம் அது. மும்பையின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவன. இரண்டையும் ஒருங்கே பயன்படுத்த இயலாது. ஆகவே வரிசையில் காத்திருத்தல் தவிர்க்க முடியாதது. காற்றும் தன் பங்கைக் கேட்கிறது. ஆடி மாதத்தில் நிலத்தின்மேல் மேல்காற்று வீச, மிக உயரத்தில் கிழக்கிலிருந்து காற்று எதிர்த்து வருகிறது.

1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து ஜே. ஆர். டி. டாட்டா ஜூஹுவிற்குக் கொணர்ந்த தபாலை, நெவில் வின்சென்ட் சிறு விமானமொன்றில் சென்னைக்கு எடுத்துச் சென்றார். வழியில் பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாளே சென்னை சேர்ந்தார். அன்று அது பெருவிரைவு!

ஊரிலிருந்து துயரச் செய்தி வரும் நாளில்தான் இக்கணக்கு நமக்கு மெய்யாகவே வேண்டியதாகிறது. 'இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிறோம்' என்று சொல்லிவிடுகிறோம், அங்கே காத்திருக்கிறார்கள். முலுண்டில் வீட்டை விட்டு விமான நிலையம் சேர ஒன்றரை மணி, புறப்பாட்டிற்கு முன் இரண்டு மணி, பயணம் இரண்டு மணி, பெட்டியெடுத்து வெளிவர அரை மணி: ஆக ஆறு மணி நேரம். மாலை நெரிசலுக்கு அஞ்சுவோர் மின்ரயிலில் காட்கோபர் சென்று, அங்கிருந்து மெட்ரோவில் மரோல் நாகா அடைந்து, 2024இல் திறக்கப்பட்ட மூன்றாம் தடத்திற்கு மாறலாம். அடுத்த நிலையமே விமான நிலையத்தின் இரண்டாம் முனையம்.

சென்னைக்காரருக்கு இந்த ஆறு மணி போதும். ரயிலில் ஏறக்குறைய ஒரு முழுநாள் ஆகும். நெல்லைச் சீமையாருக்குக் கணக்கு வேறு. சென்னையில் இறங்கினால் இன்னும் 650 கிலோமீட்டர் ரயில் பயணம், எட்டு முதல் பத்து மணி வரை. மதுரை, மும்பையிலிருந்து வானவழியே ஏறத்தாழ 1,170 கிலோமீட்டர். சென்னையினும் சற்றே தொலைவு. ஆனால் அங்கிருந்து திருநெல்வேலிக்குச் சாலையில் மூன்று மணி நேரமே. நாகர்கோயிலாருக்கோ, ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர் பறந்து திருவனந்தபுரத்தில் இறங்குவதே நலம். ஊர் அங்கிருந்து எழுபது கிலோமீட்டர் அளவே.