ஒருவர் ஏறும் கலம்

திமில், அம்பி, பஃறி, தோணி, ஓடம், புணை, மிதவை, தெப்பம், வங்கம், நாவாய் என்று நீர்மேற் செல்வனவற்றுக்கு நம் நிகண்டுகள் பெயர்களை அடுக்கிச் செல்கின்றன. மாணாக்கர் இவற்றை ஒருபொருட் பன்மொழி என நெட்டுருப் பண்ணித் தேர்வுத்தாளில் இறக்கிவைத்துவிட்டு மறந்துபோவர். கடலோடு வாழ்ந்தவர்க்கு இவை ஒரு பொருளாய் இருந்ததில்லை. பட்டினப்பாலையில் உப்பை விற்று நெல்லோடு திரும்புவது பஃறி. நெய்தற் பாடல்களிலே பரதவர் மீன்வேட்டைக்குக் கொண்டு செல்வது பெரும்பாலும் திமில். சரக்கேற்றிக் கடல் கடப்பவை வங்கமும் நாவாயும். வேலைக்குத் தக்க கலம், கலத்துக்குத் தக்க பெயர் என்னும் முறை அங்கே தெளிவாய்க் கிடக்கின்றது.

வகுப்பறைக்கு உரியதென்று நான் எண்ணியிருந்த இந்த வேறுபாடு, அண்மையில் ஓர் இளைஞரின் சேமிப்பையும் உயிரையும் தொட்ட வினாவாகி என் வீடு தேடி வந்தது. அவர் என்னிடம் தமிழ் படித்தவர். இப்போது கோட்டையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். பொரளையில் ஒரு மாடியறையில் மனைவியோடு குடியிருப்பவர். தூண்டில் போடுவதில் அளவிறந்த விருப்பம். ஓராண்டு காலம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மீன்பிடிப்பதற்கென்று 'கயாக்' என்னும் ஓராட் படகு வாங்க முடிவு செய்திருந்தார். என்னிடம் வந்தது அதற்குத் தமிழ்ச்சொல் கேட்கவே. அவர் மனைவி கேட்டதோ வேறு. "ஐயா, இவருக்கு நீச்சலும் அரைகுறை. கடையிலே சொன்னதை எல்லாம் நம்பிக்கொண்டு வந்திருக்கிறார். நீங்கள் கடற்கரையிற் பிறந்தவர், நீங்கள் சொன்னாற் கேட்பார்" என்றார் அந்த அம்மா. சொல்லாராய்ச்சியை விட்டுப் பொருளாராய்ச்சியில் இறங்க வேண்டியதாயிற்று.

கயாக் என்பது கிறீன்லாந்து முதலிய வடபுல நாடுகளில் வாழும் இனுயிற் மக்களின் சொல். மிதந்துவந்த மரத்துண்டாலும் எலும்பாலும் கூடு கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்துத் தைத்து, ஒருவர் இடுப்பளவு புகுவதற்கு மட்டும் மேலே வாய் விட்டு அமைத்த வேட்டைக் கலம் அது. உறையும் நீரில் உடல் நனைந்தால் உயிர் தங்காது. ஆதலின் நீரை முற்றாக வெளியே நிறுத்துவதே அதன் நோக்கம்.

இனி நம் கரைக்கு வருவோம். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில், சோழமண்டலக் கரையில் தாம் கண்ட கட்டுமரத்தைப் பற்றி எழுதுகின்றார். மெல்லிய இலேசான மரம் ஒன்றோ இரண்டோ. தாங்குவது ஓராளை மட்டும். ஏறியவனின் கால்கள் எப்பொழுதும் நீருக்குள்ளேயே இருக்கும் என்பது அவர் தரும் செய்தி. பார்த்தவுடன் ஏளனம் பண்ணத் தோன்றும் கலம். ஆனால் அதனை மூழ்கடிக்க வழி இல்லை. உள்ளே என்று ஓரிடம் இருந்தாலன்றோ நீர் புகுந்து நிறைவதற்கு? அலை மேலேறி வரும். மரங்களின் இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். ஆணி இல்லை; கயிற்றுக் கட்டே உண்டு. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர விடுவர். நீர் குடித்த மரம் கனத்துப்போகும் என்பதால். நம் நீர் வெதுவெதுப்பானது, நனைந்தாற் கேடில்லை என்று தெரிந்தவர்கள் செய்த கலம் இது. இப்பெயர் ஆங்கிலத்தில் புகுந்து, இரண்டு உடல் பூட்டிய படகைக் குறிக்கும் சொல்லாக இன்று உலகெங்கும் திரிகின்றது.

1970களில் கலிபோர்னியக் கரையில், அலைச்சறுக்குப் பலகையில் ஆசனம் குடைந்து பார்த்த முயற்சியிலிருந்து, மேலே அமர்ந்து செலுத்தும் கயாக் தோன்றிற்று. உள்ளே புகுந்து இருப்பதற்குப் பதிலாக மேலே அமர்வது. மேலேறும் நீர் வடிவதற்கு அடிவரை ஊடுருவிய துளைகள். கவிழ்ந்தாற் புரட்டிவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும் வசதி. இன்று மீன்பிடி கயாக் என்று விற்பனையாவதில் மிகுதி இவ்வினமே. பெயர் வடதுருவத்தது, இயல்போ நம் கட்டுமரத்தது. இளைஞருக்கு நான் முதலிற் சொன்னது இதுவே: "தம்பி, நீர் வாங்க எண்ணியிருப்பது பிளாஸ்திக்குக் கட்டுமரம். உள்ளே இறங்கி இருக்கும் வகையைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடும். அரைகுறை நீச்சற்காரர் நடுநீரில் நீர் நிறைந்த படகை வெறுமையாக்கி மறுபடி ஏறுவது நடவாத காரியம்."

ஒரு வேறுபாட்டை இங்கே மறக்கக்கூடாது. கட்டுமரம் திண்ணிய மரம். கயாக்கின் உடலோ உள்ளீடற்றது. அது ஆன பொலிஎதிலீன் நீரைவிடச் சற்றே இலேசானது ஆதலால், உடலுள் நீர் நிறைந்தாலும் அடியோடு அமிழாது. ஆனால் உள்ளே நீர் அங்குமிங்கும் ஓடி நிலைகுலைக்கும். மேலே எவரும் இருக்க முடியாது. வடிதுளைகளின் ஓரப் பொருத்து, மூடிகளின் இறப்பர் வளையம், பின்புறத்து நீர்போக்கித் திருகாணி ஆகிய மூன்றையும் பார்த்தே வாங்க வேண்டும். உட்குழிவில் நுரைக்குழல்களையும் இறுக மூடிய வெற்றுப் போத்தல்களையும் செருகி வைத்தால் நீர் புகும் இடம் குறையும். இதற்குச் செலவு ஏதுமில்லை என்றே சொல்லலாம்.

பிறகு கணக்கைப் பார்த்தோம். அவர் எழுதி வைத்திருந்த தாளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கலத்துக்குப் போயிருந்தது. காலால் மிதித்துச் செலுத்தும் பொறி பூட்டிய விலையுயர்ந்த வகை அது. எஞ்சிய பத்தில் மீன் காட்டும் கருவி ஒன்றும் இருந்தது. உயிர்காப்பு அங்கி 'பிறகு' என்ற தலைப்பின்கீழ்க் கிடந்தது! அத்தாளைத் திருப்பிவைத்துப் புதிதாய் எழுதினோம். கலத்துக்கு அறுபது பங்கு, அங்கிக்கும் துடுப்புக்கும் இருபத்தைந்து, மற்றெல்லாவற்றுக்கும் பதினைந்து. இது என் கணிப்பு, சாத்திரம் அன்று. ஆனால் அங்கியை முதல் வரியில் எழுதாத கணக்கு எதுவும் கணக்கே அன்று.

அங்கியிலும் வேற்றுமை உண்டு. அதன் மிதப்பு விசை நியூற்றன் என்னும் அளவாற் குறிக்கப்படும். 50 என்று இருப்பது கரையோரத்தில் நன்கு நீந்துவார்க்குத் துணைசெய்வது மட்டுமே. 100 என்று இருப்பது முகத்தை மேல்நோக்கித் திருப்பப் பார்க்கும். நம்மவர்க்கு இரண்டாவதே தக்கது. அதை அணிந்துகொண்டு துடுப்பு வலிக்க இயலுமா என்று கடையிலேயே அமர்ந்து கைகளை வீசிப் பார்க்க வேண்டும். அசௌகரியமான அங்கி படகின் மூலையிற் கிடக்கும், உடம்பில் ஏறாது.

எங்கள் வடபகுதிக் கரைகளிற் சவள் எனப்படும் துடுப்பு இங்கே இரண்டு தலை கொண்டது. அகன்ற கலத்தில் உயர இருந்து செலுத்துவதாதலால் 230 முதல் 250 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். நாள் முழுவதும் கையில் இருப்பது அதுவே. ஆகவே அதன் பாரத்தைக் குறைக்கச் செலவிடும் பணம் வீண்போகாது. கலத்தோடு அதைப் பிணைக்க ஒரு கயிறும் கட்டாயம்.

கலத்தின் அளவைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். பத்து முதல் பன்னிரண்டு அடி நீளமும் முப்பது அங்குலத்துக்குக் குறையாத அகலமும் தொடங்குபவர்க்குப் போதும். நீளம் கூடினால் நேராகவும் விரைவாகவும் ஓடும். குறைந்தால் எளிதாகத் திரும்பும். சுமைத்திறன் என்று விற்பவர் சொல்லும் எண்ணில் மூன்றில் இரண்டு பங்கையே நம்புக. இவர் எடை 70 கிலோ, சாமான்களும் குடிநீரும் மீனும் 20 எனக் கொண்டால், 135 கிலோவுக்குக் குறைந்த கலம் ஆகாது. இனி, இத்தகைய கலம் தானே 25 முதல் 35 கிலோ வரை நிறுக்கும். பொரளை மாடிப்படியில் பதினோரடிக் கலத்தைத் தனியே ஏற்றுவது எப்படி என்று கேட்டேன், விடை வரவில்லை. போல்கொடைப் பக்கம் உறவினர் ஒருவர் வீட்டுக் கொட்டிலில் நிழலில் வைக்க ஏற்பாடாயிற்று. வெயில் பிளாஸ்திக்கை நாளடைவிற் கெடுக்கும். மரத்தை உலர்த்திய பாட்டனார் வழக்கம் இங்கே செல்லாது. காற்றடைத்துச் சுருட்டி வைக்கும் வகையும் உண்டே என்றார். இடம் அடங்கும், உண்மை. ஆனால் காற்று அதனைத் தள்ளிக்கொண்டு போகும். கெளுத்தி முள்ளுக்கும் தூண்டில் முனைக்கும் அது ஆற்றாது.

மற்றச் சாமான்களில் மீன் காட்டும் கருவியை அடியோடு நீக்கினோம். தூண்டிற்கோலை நிறுத்துவதற்கு நீர்க்குழாய்த் துண்டு இரண்டு, ஆசனத்தின் பின்னே கட்டுவதற்கு மென்பானப் போத்தல்கள் வரும் கூடை ஒன்று, நீர் புகாத பை, ஊதல், கடற்பஞ்சு, கயிறறுக்க ஒரு கத்தி. இருட்டுமுன் திரும்புவதே நோக்கமாயினும் வெள்ளொளி மின்விளக்கொன்று கையில் இருக்கட்டும். 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகள் துடுப்புப் படகிடமும் அதைக் கேட்கின்றன. ஒன்றரைக் கிலோ மடிப்பு நங்கூரம் ஒன்றும் வாங்கலாம். அதன் கயிற்றை முன்னணியிலோ பின்னணியிலோ பிணைக்க வேண்டும், நடுவிற் பக்கவாட்டில் ஒருபோதும் கட்டலாகாது. ஓடும் நீரில் பக்கவாட்டுக் கட்டு கலத்தைக் கவிழ்த்துவிடும். களனி கங்கையில் நங்கூரமே வேண்டாம் என்றேன்.

எஞ்சியது நீர். மேற்குக் கரையில் மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் ஆட்சி; மார்கழி முதல் சித்திரை வரையே கடல் அமைதியாய் இருக்கும். அப்போதும் வெள்ளவத்தையில் புகையிரதப் பாதையோரத்துப் பாறைகளும் உடையும் அலைகளும் முதற் பாடத்துக்கு உகந்தவை அல்ல. நீர்கொழும்புக் களப்பு அமைதியானது. ஆயினும் கடலோடு சேரும் குறுகிய வாயில் வற்றுநீர் வெளியே இழுக்கும். அங்கே பாய் விரித்துச் செல்லும் 'ஒருவ' என்னும் சிங்களவர் கலத்தைக் கண்டு மயங்கி அதன் பின்னே போய்விடக்கூடாது. பக்கத்தில் மிதவை பூட்டி, காற்று வரும் பக்கத்திலேயே அதனை வைத்துச் செலுத்தத் தெரிந்த தலைமுறைகளின் கலம் அது. தியவன்னா நமக்கு அண்மையில் இருப்பினும் பாராளுமன்றத்தைச் சூழ்ந்திருப்பதால் கட்டுப்பாடுகள் உண்டு. போல்கொடை ஏரியே ஏற்றது. முதலை உண்டு என்பதையும் சொல்லிவைத்தேன். எங்காயினும், புறப்படும்போது எதிர்காற்றில் போகவேண்டும். களைத்துத் திரும்பும்போது காற்று நம்மைக் கரைக்குத் தள்ளும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டம் மீன்பிடிப் படகுப் பதிவையும் உரிமத்தையும் பற்றிப் பேசுகின்றது. மாளிகாவத்தையில் உள்ள திணைக்களத்தில் கேட்டறிய ஒரு காலைப்பொழுது போதும்.

இயந்திரம் பூட்டிய சிறு படகே வாங்கினால் என்ன என்றும் ஒரு கேள்வி இடையிலே வந்தது. 1958இலிருந்து நம் நாட்டுக் கடற்றொழில் இயந்திரத்தை நாடிப் போனது. கட்டுமரங்களும் தெப்பங்களும் கண்ணாடியிழைப் படகுகளுக்கு இடம்விட்டன. தொழிலாளர்க்கு அது வேண்டியதே. ஆயினும் 2022இல் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது எத்தனையோ படகுகள் கரையிற் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைத் தூண்டிற்காரர்க்கு எரிபொருட் செலவு எதற்கு?

பழைய கலம் வாங்குவதில் அவருக்குக் கூச்சம் இருந்தது. வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பல் பழையதாகவே ஓர் அமெரிக்கர் கைக்கு மாறி, பெயரும் மாறி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் சென்று சேர்ந்த கதையைச் சொன்னேன். நல்ல கட்டுமானமாயின் பழமை குற்றமாகாது. பழைய கயாக்கிற்குச் சோதனையும் எளிது: உடலுள்ளே இரண்டு வாளி நீர் ஊற்றி, மூடி, அப்படியும் இப்படியும் சாய்த்தால் வெடிப்புள்ள இடம் தானே கசிந்து காட்டும்.

இரண்டு வாரம் தேடியபின் பதினோரடிப் பழைய கலம் ஒன்று அகப்பட்டது. உடலிற் கீறல்கள் பல, கசிவு இல்லை. அங்கியும் துடுப்பும் புதியன. அம்மாவுக்கும் ஓர் அங்கி வாங்கியிருந்தார். கணக்கில் அது இல்லை, நான் கேட்கவும் இல்லை. முதல் ஞாயிறு போல்கொடையில் மார்பளவு நீரிலே வேண்டுமென்றே கவிழ்த்துக் கவிழ்த்து ஏறப் பழகினார். ஒன்பதாம் முறையில்தான் உதவியின்றி ஏறினாராம். தூண்டிலை நான்காம் ஞாயிறு முதல் கொண்டு போவதாக மனைவியிடம் உடன்பட்டிருக்கிறார். கயாக்கிற்குத் தமிழ்ச்சொல் இன்னும் கேட்டபடியே இருக்கிறார். திமில் என்றே அழையும் என்று சொல்லியிருக்கிறேன்.